அடுத்த செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள்?

என்னோடு வேலை பார்த்த ஒருவர் போன வருடம் வேலையை விட்டார். பதினோரு வருடம் கோடு எழுதிய கை. வாட்டர்கலரும் நன்றாக வரும் அந்தக் கைக்கு. கடைசி நாள் கேக்கெல்லாம் தின்று முடித்த பிறகு, போனைத் திருப்பி எங்களுக்கு ஒரு படம் காட்டினார். வெள்ளை நிற ஃபோர்ஸ் டிராவலர் வேன். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கூரைமேல் சோலார் பலகை. "ஊர் ஊராப் போகப் போறேன். வரைவேன். போற இடத்துல கவர்ன்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு டிராயிங் சொல்லித் தருவேன்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து எக்செல்லைத் திறந்தேன். வேன், உள்வேலை, பேட்டரி, ஆர்.டி.ஓ. செலவு, ஒரு வருடத்து டீசல், சாப்பாடு. 22 லட்சம் வந்தது. வீட்டுக்கடன் இன்னும் பதினான்கு வருடம் பாக்கி. கோப்பைச் சேமிக்காமல் மூடினேன். ஆகவே இந்தக் கட்டுரையைப் பொறாமைக்காரன் எழுதியது என்று சொல்ல நினைப்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம், மறுக்கமாட்டேன். பொறாமையோடு சேர்த்து எனக்கு ஒரு வாதமும் இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

என் ஊர் களம்பூர். ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில். ஊருக்குள் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, பெயர்ப்பலகையில் 'ஆரணி ரோடு' என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கம் நெய்யும் பட்டும் அப்படித்தான், ஆரணிப் பட்டு என்றே கடைக்குப் போகும். அரிசிக்கு மட்டும் ஊர்ப் பெயர் உண்டு. அப்பா முப்பது வருடம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவர். தறி எங்கேயும் போகாது. தறியில் இருப்பவனும் போகமாட்டான். கல்யாணம், சாவு, திருவண்ணாமலை தீபம், இதற்குமேல் அவர் எங்கேயும் பயணப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் நகர்வது என்றால் எனக்கும் விடுதலைதான். ஜன்னலோர சீட்டுக்காகச் சண்டை போட்டவன்தான் நானும். வேன் படத்தைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொள்வதை நான் கேலி செய்யவில்லை.

எனக்குத் தெரிந்த இன்னொரு பயண ஓவிய ஆசிரியரைப் பற்றி யாரும் கைதட்டவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

அவன் ஒன்பதாவதில் எனக்குப் பக்கத்து இடம். சயின்ஸ் ரெக்கார்டில் என் தவளைக்கும் அவன்தான் கால் போட்டான். பிளஸ் டூ முடித்து நான் கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் போனேன். அவன் ஓவியத்தில் லோயர், ஹையர் பரீட்சைகளை எழுதி, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வாங்கினான். 2012இல் பகுதிநேர ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தான். அதற்குச் சற்று முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேரப் பணியிடங்களை நிரப்ப முடிவெடுத்திருந்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். மே மாதம் பள்ளிக்கூடம் இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை. அதே வருடம் என் கைக்கு வந்த முதல் சம்பளம் 21,000. நான் அப்போது செய்த வேலை, யாரோ எழுதி வைத்திருந்த கோடில் எழுத்துப்பிழை திருத்துவது.

மூன்று அரை நாளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. எனவே மற்ற நாட்களில் அவன் இரண்டு தனியார் பள்ளிகளுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ரைஸ்மில் சுவரில் பெயர் எழுதுவான். தேர்தல் வந்தால் சின்னம் வரைவான். கோபுரத்துக்கு வர்ணம் பூச ஆள் எடுத்தால் அதற்கும் போவான். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டாம் போருக்குத் தரையில் களிமண்ணால் படுத்த வாக்கில் துரியோதனனைச் செய்வார்கள் இல்லையா, அந்த முகத்துக்கு மீசையும் கண்ணும் எழுதிக் கொடுப்பான். எல்லாவற்றுக்கும் ஒரே வாகனம், டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்னால் கால் வைக்கும் இடத்தில் பெயின்ட் டப்பாக்கள், பின்னால் மழைக்குப் பாலிதீன் சுற்றிய சார்ட் சுருள். ஒரு வாரத்தில் அவன் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறான் என்று கேட்டேன். "மீட்டர் ஒயரு அறுந்து ரெண்டு வருசம் ஆவுதுடா" என்றான்.

அன்றைக்குச் சேமிக்காமல் மூடிய எக்செல்லில் பிறகு ஒருநாள் வேறு ஒரு கணக்குப் போட்டேன். 2012இல் 5,000. 2014இல் 7,000. 2017இல் 7,700. 2021இல் 10,000. வருடத்துக்குப் பதினோரு மாதம். 2024 வரை பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்தால், தோராயமாக, 10 லட்சம். அதாவது பன்னிரண்டு வருடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் மொத்தமாக வாங்கிய தொகை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் வேனின் விலையில் பாதிகூட இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பொங்கல் கழிந்த ஒரு வியாழக்கிழமை, அவன் பள்ளிக்கும் ஒரு வேன் வந்தது. என் சக ஊழியருடையது இல்லை, வேறு யாரோ. கணவன் மனைவி இருவர், நல்ல மனிதர்கள். அன்று இவனுக்கு வேலை நாள் இல்லை. ஆனாலும் வரச் சொல்லிவிட்டார்கள், பையன்களை வரிசையாக உட்காரவைக்க ஆள் வேண்டுமே. காலையில் இரண்டு மணி நேரம் பயிலரங்கு. உள்ளங்கையைப் பெயின்டில் தோய்த்துத் துணியில் அழுத்தினார்கள். பிறகு சுற்றுச்சுவரில் பெரிய பட்டாம்பூச்சிச் சிறகு ஒன்று வரைந்தார்கள், நடுவில் போய் நின்றால் சிறகு நமக்கு முளைத்த மாதிரி தெரியும். வெறும் சுண்ணாம்புச் சுவர். "பிரைமர் அடிக்காம போட்டா மழைக்கு நிக்காது மேடம்" என்று இவன் சொல்லியிருக்கிறான். நேரம் இல்லை, அடுத்து செஞ்சிக்குப் போகவேண்டும் என்றார்கள். இவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். படம் எடுத்தார்கள், ட்ரோனும் பறந்தது. பிள்ளைகள் வேனுக்குள் ஏறிப் பார்த்தார்கள். "சார், வேனுக்குள்ள கிச்சன் சார்!" அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொண்டதில் மறக்காதது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐப்பசி மழையில் இடதுபக்கச் சிறகு உரிந்து விழுந்தது. சுவரைச் சுரண்டி, பிரைமர் அடித்து, திரும்ப வரைந்தவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வீடியோவை நான் பார்த்தேன். மூன்று நிமிடம். ஏணியைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் மட்டும் ஒரு நொடி தெரிகின்றன.

இனி, அதே பள்ளியில் ஏணி பிடிக்காத நாட்களில் அவன் என்ன செய்கிறான் என்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் விடியற்காலையில் தெருவில் பாவு தோய்வார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆயிரக்கணக்கான இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பிரித்துவிட்டுக் காயவைப்பது. ஏழாம் வகுப்புக்குத் தூரக்காட்சி சொல்லிக்கொடுக்க அவன் ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனான். "கோடியிலே நூலெல்லாம் ஒண்ணாச் சேந்துடுதே, நெஜமாவே சேருதா?" அந்த வாரம் அவ்வளவுதான், வெறுமனே பார்ப்பது. அடுத்த செவ்வாய் வரையச் சொன்னான். எல்லோரும் ஸ்கேல் வைத்து நேர்க்கோடாக, சேராமல், இழுத்துவைத்தார்கள். ஏனென்றால் சேராது என்று அவர்களுக்குத் தெரியும், நெசவாளி வீட்டுப் பிள்ளைகள். இழை சேர்ந்தால் சிக்கல், சிக்கல் விழுந்தால் வீட்டில் திட்டு. தெரிந்ததை வரையாதே, கண் பார்ப்பதை வரை என்று புரியவைக்க மூன்றாவது செவ்வாய் தேவைப்பட்டது. அன்று ஒரு பெண் கேட்டாளாம்: "சார், அப்ப எங்கப்பா நிக்கிற பக்கத்துலேர்ந்து பாத்தா நான்தான் சின்னதாத் தெரிவனா?"

ஃபிளாரன்ஸில் புருனலெஸ்கி கண்ணாடியை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார் என்று நான் கல்லூரியில் பாடமாகப் படித்தேன். அந்தப் பெண்ணின் கேள்வி என் பாடப்புத்தகத்தில் இல்லை. அது முதல் செவ்வாய்க்கிழமை வரக்கூடிய கேள்வியும் இல்லை. முதல் வாரம் பார்த்து, இரண்டாம் வாரம் தப்பாகப் போட்டு, தப்பாகப் போட்டவள் என்று யாரும் சிரிக்காமல், மூன்றாம் வாரமும் அதே ஆள் வந்து நின்றதால் வந்த கேள்வி.

கற்பிப்பது என்றால் திரும்பி வருவது. வேன் வாழ்க்கையின் அழகே திரும்பி வராமல் இருப்பதில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்ற முடியும் என்று சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

'நாடோடிக் கலைஞர்கள் நம் மரபில் இல்லையா' என்று உடனே ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இருக்கிறார்கள், அதுவும் எங்கள் ஊரைச் சுற்றியே. செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரம் கூத்துக்காரர்களின் சீமை. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஊர் ஊராகப் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் விடிய விடியக் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். ஜமாவின் தலைவருக்கு எங்கள் பக்கத்தில் பெயரே வாத்தியார்தான். பயணக் கலைஞர், கலை ஆசிரியர், வேன் மூன்றும் ஒரே ஆளிடம் நூற்றாண்டுக் கணக்கில், வண்டி மாடு காலத்திலிருந்து, சேர்ந்தே இருக்கின்றன. ந. முத்துசாமி கூத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளுக்கு வைத்த தலைப்பே 'அன்று பூட்டிய வண்டி'. புரிசையின் கூத்தைப் பார்த்து மிரண்டுபோன அந்த மனிதர் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். சென்னையின் நவீன நாடகம் பாடம் படித்தது இந்த வாத்தியார்களிடம்தான்.

ஒரு ராத்திரி ஜமாவோடு அவர்கள் வேனில் போயிருக்கிறேன். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் அடைத்த பெட்டிகள், ஆர்மோனியம், மிருதங்கம், இவற்றுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் பதிமூன்று பேர். வேஷம் கலைத்த எண்ணெய் வாசனை. நெற்றியில் பாதி அரிதாரம் அப்படியே இருக்க ஒருவர் பெட்டிமேல் தூங்கினார். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வாத்தியார் கண்ணை மூடியபடியே கர்ணன் பாட்டில் ஒரு அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். எனக்குச் சிலிர்த்தது. "இந்த வேன்தான் வாத்தியாரே உங்க ஸ்கூலு" என்று ஏதோ உளறினேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அது வேற எடம் இல்லாததால தம்பி."

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெருங்கட்டூர் ராஜகோபால் செய்த காரியத்தின் அர்த்தம் புரிந்தது. பத்து வயதில் படிப்பை விட்டு அப்பாவின் ஜமாவில் ஆட வந்தவர். சாலையை நம் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர். அவர் முன்னின்று 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் வந்தது. 2002இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்த்துக் கற்றார்கள். பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். வாழ்நாளெல்லாம் ஊர்சுற்றிய கலைஞர் பிள்ளைகளுக்கு என்று கட்டியது ஒரு கூரை. படுக்க இடம், சோறு, நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும் வாத்தியார். 2020இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. வேனில் கட்டில் போடும் வீடியோவைப் பார்த்த நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கூரை போன செய்தி தெரியும்? எனக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நகர்ந்துகொண்டே இருப்பவர்களை இந்த நாடு எப்படி நடத்தியது என்பதையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நிலையான முகவரி இல்லாமல் ஊர் ஊராகத் திரிந்த பல சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிந்து, கைரேகை எடுத்து, கிராமத்தை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்கவைத்தார்கள். நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆனது. முகவரி இல்லாதவன் திரிந்தால் சந்தேகக் கேஸ். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒருவர் திரிந்தால் அது வாழ்க்கை முறை. இன்றைக்கும் தோப்போரத்தில் வேனை நிறுத்திவிட்டு என் சக ஊழியர் தூங்கலாம், போலீஸ்காரர் வந்தால் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு 'எந்த ஊரு சார்' என்று கேட்பார். தோல்பாவைக்கூத்துக் குடும்பம் அதே தோப்பில் கூடாரம் போட்டால் அந்த 'சார்' இருக்காது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஃபாஸ்டர் ஹன்டிங்டன் என்பவர் 2011இல் நியூயார்க்கில் ஆடை வடிவமைப்பு வேலையை விட்டு வேன் வாங்கினார். 'வேன்லைஃப்' என்ற ஹேஷ்டேக் அவர் போட்டது. ஜெசிகா புரூடர் 2017இல் 'நோமேட்லேண்ட்' எழுதினார். 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் தொலைத்த கிழவன் கிழவிகள் வேனில் வாழ்ந்துகொண்டு, பருவத்துக்குப் பருவம் கிடங்கு வேலைக்கும் சர்க்கரை பீட் அறுவடைக்கும் போகிற கதை. அது நிஜக் கதை. ஒரே மாடல் வேன், ஒரே நெடுஞ்சாலை. ஹேஷ்டேக் மட்டும் முதல் ஆளுக்கு.

சரி, பள்ளிக்கு வருவோம். நம் சட்டமே இதில் கூட்டுக் களவாணி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது. கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்கு மட்டும் 'பகுதிநேரப் பயிற்றுநர்' என்கிறது. அதாவது கலை என்பது பாதி நாள் வந்துபோகும் விருந்தாளி என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டோம். 2021 தேர்தலில் ஜெயித்த கட்சியின் அறிக்கையில் பகுதிநேர ஆசிரியர்களைப் பணிநிரந்தரம் செய்வோம் என்று இருந்தது. 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடக்கிறது, நல்ல காரியம், நானே போய்ப் பார்த்தேன். மேடையில் பரிசு வாங்கிய பிள்ளைகளைத் தயார் செய்தவர்களில் பலர் இந்தப் பகுதிநேர ஆட்கள். 2023இல் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் அவர்கள் நாள்கணக்கில் தரையில் உட்கார்ந்தார்கள். என் நண்பனும் இருந்தான். போராட்டப் பதாகையின் எழுத்துகள் அவன் கைவண்ணம், பார்த்தவுடன் கண்டுபிடித்தேன். சம்பளம் 12,500 ஆனது. நிரந்தரம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் வேனின் வருகை வெறும் அப்பாவித்தனமாக இல்லாமல் போகிறது. ஓவிய வகுப்பு நடக்கிறதா என்று கேட்கும் பெற்றோருக்குக் காட்ட ஒரு சுவர் கிடைத்துவிடுகிறது. நன்கொடை தேடும் கம்பெனிக்கு ஒரு வீடியோ கிடைக்கிறது. எங்கள் ஆபீஸ் சி.எஸ்.ஆர். குழுவும் போன தீபாவளிக்கு ஒரு பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடித்தது. இருபது பேர், டி-ஷர்ட், மதியம் பிரியாணி. ஒரு ஓவிய ஆசிரியரின் பல மாதச் சம்பளம் அந்த ஒரு நாளில் கரைந்திருக்கும். இலவசமாகக் கொடுக்கிறோமே, அதில் என்ன தப்பு என்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கிற இடத்தில் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க யாருக்கும் அவசரம் இருக்காது. தப்பு அதுதான்.

ஒரு நாள் அனுபவமும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மாற்றாதா என்றால், மாற்றும். நான் ஆறாவது படிக்கும்போது எங்கிருந்தோ வந்த ஒருவர் எங்கள் வகுப்பில் கரிக்கட்டியால் எருமை ஒன்று வரைந்துகாட்டிவிட்டுப் போனார். அந்த எருமை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எருமையைப் போல முயன்று, முடியாமல், அடுத்த நாள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நோட்டை மூடிய பிள்ளைகளும் இருந்தார்கள். எருமையை ஞாபகம் வைத்திருப்பவன்தான் கட்டுரை எழுதுகிறான், அதனால் ஒரு நாள் அனுபவத்துக்கு நல்ல பெயர்.

வேன் வாங்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாங்குங்கள், ஊர் சுற்றுங்கள், வரையுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளை மட்டும் அந்தப் படத்துக்குள் இழுக்காதீர்கள். இழுத்தே தீரவேண்டும் என்றால் முதலில் அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியர் யார், எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். அவர் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருங்கள். பெயின்டும் காகிதமும் அவர் கேட்கிறபடி வாங்கிக் கொடுங்கள், பிரைமர் உட்பட. அவர் பெயரை வீடியோவில் போடுங்கள். நுங்கம்பாக்கத்தில் அவர் தரையில் உட்காரும்போது வேனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் இன்னும் நல்லது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே.

போன மாதம் என் சக ஊழியர் கூப்பிட்டார். ஏலகிரியில் இருந்தார். குரல் தெளிந்திருந்தது, சந்தோஷமாக இருந்தது. "உங்க ஊர்ப் பக்கம் வர்றேன். ஏதாவது ஸ்கூல்ல சொல்லிவைக்க முடியுமா? ஒரு நாள் போதும்" என்றார். மேலே எழுதிய எதையும் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நண்பனின் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் நண்பன் கூப்பிட்டான். "பேசினார்டா. நல்ல மனுசனாத் தெரியறார். வரச் சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னே?"

"செவ்வாக்கெழம ரெண்டாவது பீரியடு, ஜூன்லேர்ந்து ஏப்ரல் வரிக்கும், எந்த வாரம் வர்றீங்கோனு கேட்டேன். எல்லா வாரமும் வந்தாலும் சரிதான்னேன். யோசிச்சுச் சொல்றேன்னார்."

பின்னால் எக்ஸ்.எல். உறுமிக்கொண்டிருந்தது. மழை பிடிப்பதற்குள் மில் சுவரை முடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டான்.